லாட்ஜில் எனக்கு ஒரு நாற்காலி

வெள்ளைக்காரன் காலத்து ரகசியச் சகோதர சங்கத்தார் கூடும் மண்டபமான லாட்ஜுக்குள் இன்றுதான் நுழைந்தேன். அந்தச் சங்கத்தில் சேர இரண்டு முறை கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் போகாத லேத் பட்டறைக்காரன் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

சங்கம் கலைந்துபோய், இப்போது அங்கே ஆர்கெஸ்ட்ராவும் மிமிக்ரியும் நடக்கின்றன.

"ஏனுங்க, லாட்ஜ் இதுதானுங்களே?" என்று டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்டேன்.

"ரூமெல்லாம் கெடையாதுங்க. பாட்டுக் கச்சேரி மட்டுந்தானுங்க."

மேடையில் பழைய சங்கத் தலைவரின் உயரமான நாற்காலி காலியாக இருந்தது. நேராகப் போய் உட்கார்ந்தேன்.

மிமிக்ரிக்காரர் ஓடி வந்தார். "பெரியவரே, எந்திரிங்க. அதுல கழுதை வேசம் போடறவரு உக்காரோணுங்க."

"அந்த வழக்கத்தை இன்னும் மாத்தலீங்களா?" என்றேன்.

அவர் முறைத்தார். நான் எழுந்திருக்கவில்லை. நீங்களாக இருந்தால் எழுந்திருப்பீர்களா?