கஸ்தூரி டீச்சர் ஒப்புக்கொண்டது

குருவிநத்தத்தில் கஸ்தூரி டீச்சரை இங்கிலீஷ் பைத்தியம் என்பார்கள். கல்யாணம் ஆகவில்லை, இருபது வருஷமாக வீட்டுக் கூடத்தில் டியூஷன். ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது என்று சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் பாடத்தில் சூனியக்காரி வந்தாள். விடுவாளா டீச்சர்? எட்டாவது படிக்கும் யாமினியின் நோட்டில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். மந்திரத்துக்குச் சொல்லும் 'ஸ்பெல்' ஒரு காலத்தில் வெறும் பேச்சு. 'சார்ம்' லத்தீனில் பாட்டாக இருந்தது. மந்திரவாதியைக் குறிக்கும் 'விசார்ட்' முதலில் அறிவாளி. பக்கத்திலேயே துடைப்பத்தில் பறக்கும் கிழவியின் படம் வேறு.

மறுநாள் யாமினிக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் அவள் அம்மா ஜெயா நோட்டோடு குறி சொல்பவரிடம் ஓடினாள். அந்த மனுஷனுக்கு இங்கிலீஷ் தெரியாது, படமே போதுமாயிருந்தது. எழுதியவள்தான் சூனியத்தை எடுக்க வேண்டும், அதுவரை ஊசி பட்டால் பிள்ளை தங்காது என்று சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நாள் சேதி கேட்டு டீச்சர் ஓடினாள். பிள்ளை கண்ணே திறக்கவில்லை. வாசலில் தெருவே நின்றது.

"ஜெயா, அது பாடம்டி! பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரி கிட்டத்துலதானே கீது, தூக்குடி!"

"ஊசி போட்டா செத்துடும் டீச்சர். எம்மேல இன்னா கோவம்? எடுத்துடுங்க." ஜெயா காலில் விழுந்தாள்.

ஸ்பெல் என்றால் பேச்சு, சார்ம் என்றால் பாட்டு என்று டீச்சர் தொண்டை வறளச் சொன்னாள். அந்தச் சொற்களைச் சொல்லச் சொல்லக் கூட்டம் பின்வாங்கியது. படுபாவிகள், பிள்ளைக்கு மூச்சு வாங்குவதை ஒருவரும் பார்க்கவில்லை. டீச்சர் பார்த்தாள்.

நோட்டைப் பிடுங்கி, அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொளுத்தினாள்.

"ஆமா, நான்தான் வெச்சேன். எடுத்துட்டேன். இனிமே ஊசி போடலாம், தூக்குங்கடா!"

ஆட்டோ கிளம்பியது. அவளை யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை. நடுத்தெருவில் நின்று ஓவென்று அழுதாள்.

டெங்கு என்றார்கள். ஒன்பது நாள் கழித்து யாமினி நடந்தே ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தாள். ஊருக்கு வேறு சாட்சி எதற்கு? டியூஷனுக்கு ஒரு பிள்ளைகூட வருவதில்லை.

போன வாரம் கடைத்தெருவில் யாமினியைப் பார்த்ததும் டீச்சருக்கு உயிரே வந்தது.

"எப்பிடிம்மா கீறே?"

பிள்ளை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. ஜெயா இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போவும் டீச்சர். எம்புள்ளைய இனிமே பாக்காதீங்க."