மூன்றாம் பெட்டி

விரல் முட்டியால் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காதை ஒட்ட வைத்துக்கொள்கிறார் மயிலம்மாள். உள்ளே 'உஸ்' என்று ஒரு சத்தம் எழுந்து உடனே அடங்குகிறது. "ராணி இருக்குதுங்க" என்று அடுத்த பெட்டிக்கு நகர்கிறார். கிணற்றடித் தென்னைகளுக்குக் கீழே ஏழு தேனீப் பெட்டிகள். எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலுக்கும் ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீர். மூன்றாம் பெட்டியைத் தட்டினால் மட்டும் சத்தம் அடங்குவதில்லை. முனகிக்கொண்டே இருக்கிறது.

திருச்செங்கோட்டுக்குத் தெற்கே தோட்டத்திலேயே குடியிருக்கும் குடும்பம். அதில் மூத்த பெண் இவர். வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. இருமலுக்குத் தேன் வாங்கப் போய் எனக்குப் பழக்கம். விடிவதற்குள் நான்கு எருமை கறந்தாக வேண்டும். பிறகு தம்பி போட்டிருக்கும் கொட்டகையில் முன்னூறு கோழிக்குத் தீனி, முட்டை பொறுக்கல், பதினோரு பேருக்குச் சோறு. எழுபத்தைந்தாம் வருஷம் சேலத்தில் மூன்று நாள் பயிற்சி எடுத்து வந்ததிலிருந்து தேனீயும் அவர் தலையில்தான். "சும்மாதானே இருக்கறேன்னு அம்மா அனுப்பிவெச்சாங்க" என்கிறார். சிரிக்காமல்தான் சொல்கிறார்.

அம்மா முத்தாயம்மாள் படுத்த படுக்கையாகி மூன்று வருஷம் ஆகிறது. சாவிக்கொத்து மட்டும் இன்னும் அவர் இடுப்பில். கட்டிலிலிருந்து "மயிலூ!" என்று குரல் வந்தால் போதும், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார் மகள். வரன்கள் வராமல் இல்லை. ஒருவருக்குக் கிணற்றில் தண்ணீர் பற்றாது, இன்னொருவருக்கு ஊர் தூரம். கடைசியாக வந்தவரிடம் சொல்லக் குறையே இல்லை. "தம்பிக தலையெடுக்கட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றாராம் அம்மா. யாரும் அடிக்கவில்லை, பூட்டி வைக்கவும் இல்லை.

வேலைக்காரத் தேனீக்களும் பெண்கள்தானே, அவை ஏன் முட்டை வைப்பதில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"ராணி மேல ஒரு வாசமிருக்குதுங்க. பக்கத்துல நிக்கறது நக்கும். அதுகிட்டருந்து இன்னொண்ணு வாங்கிக்கும். அப்படியே ஊடு பூரா போயிரும். அந்த வாசம் இருக்கற மட்டும் ஒருத்திக்கும் முட்டை வெக்கத் தோணாது. ஓடியாடி ஒழைச்சே செத்துப்போகுங்க."

என் நாக்கு நுனிவரை ஒரு வார்த்தை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

மூன்றாம் பெட்டியின் ராணி செத்தது பங்குனியில். தேனடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்திருக்கிறது. அவசரத்தில் சட்டத்தைத் தொப்பென்று இறக்கிவிட்டு ஓடினார். இடையில் ராணி நசுங்கியது அவருக்குத் தெரியவில்லை. இருபது நாள் கழித்துத் திறந்தால் அறைக்கு அறை முட்டை. சந்தோஷப்பட்டிருக்கிறார். உற்றுப் பார்த்தபோதுதான் ஒரே அறைக்குள் மூன்றும் நான்குமாகக் கிடந்தது தெரிந்தது. ராணியென்றால் அறைக்கு ஒன்றுதான் வைக்கும்.

"வேலைக்காரிக வெச்சதுங்க. அதுகளுக்குச் சோடி சேந்ததில்லையே, அத்தனையும் ஆம்பளை ஈயாத்தான் பொரிக்கும். தேன் கொண்டாராது. தின்னுபோட்டு உக்காந்திருக்கும்."

"எங்கள் தெருவிலும் உண்டு" என்றேன். அதற்குக் கொஞ்சம் சிரித்தார்.

பக்கத்துப் பெட்டியிலிருந்து இளம்புழு உள்ள அடை ஒன்றைக் கொடுத்தால் ஈக்கள் அதிலிருந்து புது ராணி வளர்த்துக்கொள்ளாதா என்று கேட்டேன்.

"அஞ்சாறு நாள்ல குடுத்திருந்தா வளத்திருக்குங்க. இப்பக் குடுத்தா ஏத்துக்காது. நாள் கடந்துபோச்சுங்க."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஏன் கேட்டோம் என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது.

ஈக்களை மற்றப் பெட்டிகளின் முன்னால் உதறிவிட்டு, முட்டை அடையை அறுத்துக் கோழிக்குப் போட வேண்டும். இன்றைக்கே செய்தாக வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. முறையும் அதுதான். விட்டுவைத்தால் பெட்டி தானாக அழியும், அது மயிலம்மாளுக்கும் தெரியும். கத்தியைத் தீட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். சட்டத்தை வெயிலுக்கு நேரே பிடித்தார். அறைகளுக்குள் வெள்ளை நூல் துணுக்குகளாக முட்டைகள் தெரிந்தன. ஈக்கள் அவற்றின்மேல் மொய்த்து நின்றன.

"மயிலூ! அறுத்துப்போட்டியா?"

"வாரேம்மா."

போகவில்லை. மறுபடியும் குரல் வந்தது. கத்தியைக் கல்லின்மேல் வைத்தார். ராணி இருக்கும் பெட்டிக்குச் செய்வதுபோலவே, ஒரு ஈ நசுங்காமல், மெல்ல மெல்லச் சட்டத்தை உள்ளே இறக்கி மூடியைப் போட்டார். மூன்றாம் முறை குரல் வந்தபோது, அந்தப் பெட்டியின் கொட்டாங்குச்சிகளுக்கு ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.