ஞாயிற்று விருந்தின் வெள்ளைச் சாமந்தி

விருந்தாளிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மதாம் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்ப்பார். அறுபது நாற்காலி போட்டிருந்தால் அறுபதிலும். கைப்பையை மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி, எதிரே என்ன இருக்கிறது, தலையைத் திருப்பினால் என்ன தெரிகிறது என்று நிதானமாகப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்வார். ஒரு முறை கடைசி வரிசையிலிருந்து, "பாய், இங்க உக்காந்தா ஒங்க சாமியானா கயிறுதான் தெரியுது. இங்க உக்கார்றவரு என்ன பாவம் பண்ணாரு?" என்று குரல் கொடுத்தார். அந்த நாற்காலிக்கு உரியவர் அப்போது வீட்டைவிட்டே புறப்பட்டிருக்க மாட்டார். இன்னும் வந்து சேராத மனிதருக்காக வருத்தப்படும் அந்தப் பழக்கம் பந்தல்காரனான எனக்குப் புதிது. கல்யாணப் பந்தலை நாங்கள் வாசலில் நின்று பார்த்துத்தான் கட்டுவோம். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும் என்று எந்தப் பெண் வீட்டாரும் என்னைக் கேட்டதில்லை.

மதாமின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அத்தகைய குடும்பங்களைச் 'சொல்தா வீடு' என்று சொல்வது எங்கள் ஊர் வழக்கம். முப்பது ஆண்டுகள் பிரான்சில் வாழ்ந்து, கணவர் மறைந்தபின் புதுச்சேரிக்குத் திரும்பிய அம்மையார், குருசுக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டை எடுத்து, ஆதரவற்ற முதிய பெண்கள் பதினொருவரை வைத்துப் பராமரித்து வந்தார். அந்த இல்லத்துக்காக ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து. வருகிறவர்கள் இயன்றதைக் கொடுப்பார்கள். உண்டியல் வைக்கலாமே என்று நான் ஒரு தடவை சொன்னேன். "வேணாம் பாய். நல்லா உக்கார வச்சி, நல்லா சாப்புட வச்சா, நாங்க என்ன செய்யணும்னு அவங்களே கேப்பாங்க" என்றார்.

அவருடைய யோசனைகளுக்கு அளவில்லை. ஓராண்டு, மீனவர்களிடம் கிழிந்த வலைகளைக் கேட்டு வாங்கி, மூன்று முறை அலசி, பந்தலின் கூரைக்கு அடியில் அலை போலத் தொங்கவிடச் செய்தார். கிளிஞ்சல்களில் உப்பு வைத்தார். வேறோராண்டு பூவரச இலையில் வெள்ளை மையால் விருந்தாளிகளின் பெயரை எழுதி, அவரவர் தட்டின்மேல் ஒவ்வோர் இலையாக வைத்தார். உணவிலும் அப்படியே. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பரிமாறக் கூடாது. ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும். முதலில் சிறு கண்ணாடிக் குவளையில் மிளகு ரசம், பிறகு மீன் புட்டு, அதன் பின்னரே சோறும் குழம்பும். சமையலுக்குப் பொறுப்பேற்றிருந்த என் மைத்துனருக்கு இது பொறுக்கவில்லை. "மச்சான், ரசத்த மொதல்ல ஊத்துனா சாப்பாடு முடிஞ்சிடுச்சின்னு கை கழுவப் போயிடப் போறாங்க!" என்று அடுப்படியிலிருந்து கத்துவார். மதாம் சிரித்துக்கொண்டே, "எழுந்து போனா நீங்க போயி கையப் புடிச்சி உக்கார வைங்க தம்பி" என்பார்.

நான் சொல்லவந்த ஆண்டில் சிரிப்பு குறைவாக இருந்தது. வீட்டின் சொந்தக்காரர் வீட்டை விற்கப்போவதாகவும் மூன்று மாதத்தில் காலி செய்யவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பதினொரு முதியவர்கள், அவர்களுள் மூவர் படுத்த படுக்கை. எந்த வீட்டுக்காரரும் சேர்த்துக்கொள்ளவில்லை. மதாமின் நம்பிக்கையெல்லாம் ஒருவர்மேல் இருந்தது. அவரும் சொல்தா, பிரான்சிலேயே தங்கிவிட்டவர். கருவடிக்குப்பத்தில் அவருடைய பெரிய வீடு எட்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. ஊருக்கு வந்திருந்த அவரை மதாம் முக்கிய விருந்தினராக அழைத்திருந்தார். எல்லோரும் அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி முசியே என்றே அழைத்ததால் நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

அவ்வாண்டு அலங்காரத்தைப் பற்றி மதாம் சொன்னது ஒன்றுதான்: "பூ எல்லாம் வெள்ளையா இருக்கட்டும் பாய். வாசம் மட்டும் தூக்கலா இருக்கக் கூடாது, சாப்பாட்டு வாசனைய அமுக்கிடும்." மல்லிகையும் சம்பங்கியும் வாசனையால் தள்ளுபடியாயின. எஞ்சியது வெள்ளைச் சாமந்தி. எத்தனையோ மணமேடைகளை அதனால் நிரப்பியவன் நான். விடியற்காலையில் மார்க்கெட்டில் கூடை கூடையாக வாங்கிவந்து, பத்து மேசைகளிலும் கண்ணாடிக் கிண்ணங்களில் கொத்துக் கொத்தாக நிறைத்தேன். பார்க்க அத்தனை அழகு.

மதாம் வழக்கம்போல் முதல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. கால் நோவோ என்று அருகில் போனேன். அவர் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், பிரான்சுல இந்தப் பூவ சாப்புடற மேசைக்குக் கொண்டுவர மாட்டாங்க" என்றார் மெல்ல. "கல்லறைக்கு மட்டுந்தான் வைப்பாங்க. முசியே பொண்டாட்டியப் பொதச்சி இன்னும் ஆறு மாசம் ஆவல."

நம் ஊரில் அதே பூ கல்யாணத்துக்கும் போகும், கல்லறைக்கும் போகும். அப்படியொரு வேறுபாடு இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் மதாம் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "வெள்ளன்னு சொன்னதோட வுட்டுட்டேன், என்ன பூன்னு நான் சொல்லல பாருங்க" என்று எழுந்து, முதல் கிண்ணத்தைத் தாமே தூக்கினார். இல்லத்துப் பெண்களும் என் ஆட்களும் கைகோத்துப் பத்து மேசைகளையும் காலி செய்தோம். வெறும் மேசையில் என்ன வைப்பது? மதாம் சமையற்கட்டுக்குள் போய், குவித்து வைத்திருந்த கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் எலுமிச்சையையும் கொத்துமல்லிக் கட்டுகளையும் முறத்தில் அள்ளினார். "கொழம்புக்கு வாங்குன காய மேசையில வச்சிட்டா, கொழம்புல சாமந்தியப் போடட்டுமா?" என்று என் மைத்துனர் குதித்தார். "போடுங்க தம்பி. ஒங்க கைப்பக்குவத்துக்கு அதுவும் ருசியாத்தான் இருக்கும்" என்றார் மதாம். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். முருங்கைக்காய்களை நிற்கவைத்து நாரால் கட்டி, அடியில் ஊதாக் கத்தரிக்காயும் மஞ்சள் எலுமிச்சையும் சுற்றி அடுக்கியபோது, என் சாமந்தியைவிட அது அழகாகவே இருந்தது.

தப்பினோம் என்று நினைத்தோம். ஆனால் அகற்றிய பூவெல்லாம் கொல்லைப்புறத்தில் குவிந்து கிடந்ததை ஒருவரும் நினைக்கவில்லை. இல்லத்தில் இருந்தவர்களுள் ஒருவர் முன்னாளில் பூ விற்றவர், காது மந்தம். எங்கள் பரபரப்பு எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. நல்ல பூ வீணாகிறதே என்று வாழைநாரை நனைத்து உட்கார்ந்து ஒரு மாலையைத் தொடுத்து முடித்துவிட்டார். முசியே பந்தலுக்குள் நுழைந்து இரண்டடி வைத்ததும், பக்கவாட்டிலிருந்து வந்த பூக்காரப் பெரியம்மா, "மவராசனா இரு" என்று வாழ்த்தி, அந்த வெள்ளைச் சாமந்தி மாலையை அவர் கழுத்தில் போட்டார்.

பிரான்சிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். முசியே குனிந்து மாலையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இந்தப் பூவ வாங்குனது யாரு?"

நான் முன்னால் நகர்ந்தேன். நான் வாய் திறப்பதற்குள் மதாமின் குரல் கேட்டது: "நான்தான். என் யோசனைதான். மன்னிச்சிடுங்க."

முசியே அவரைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். மாலையைக் கழற்றித் தூக்கிப்போடவில்லை. பக்கத்து நாற்காலியில் பதமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டார். காபி வந்தபோது பெரியம்மாவை அழைத்து, அவர் காதருகே குனிந்து, "ஒரு மொழம் தனியா கட்டித் தர முடியுமா? அங்க அவ கல்லறையில தொட்டியோடதான் வாங்கி வச்சேன். கட்டுன பூ வைக்காம வெளிய கெளம்பாத பொம்பள அவ" என்றார். கட்டிக் கொடுத்ததைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு விடைபெற்றார். வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பந்தல் பிரிக்கும்போது நான் மதாமிடம் போய், "ஏன் மதாம் அப்படிச் சொன்னீங்க? தப்பு என்னுது. வீடு போச்சே" என்றேன். மேசை விரிப்பை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "அத்தன பேரு முன்னாடி நீங்க ஒத்துக்கிட்டா அடுத்த மாசம் ஒங்கள யாரு கூப்புடுவாங்க? என்னத் திட்டுனா நான் வாங்கிக்குவேன். அந்த முனையப் புடிங்க, மடிக்கலாம்."

மூன்று வாரம் கழித்துக் கருவடிக்குப்பத்து வீட்டின் சாவி வந்தது. மதாம் அதை ஆண்டவன் அருள் என்றார். முசியேவுக்குப் பெரியம்மாவின் கட்டுப்பூதான் மனத்தை இளக்கியது என்று நான் எண்ணினேன். பல ஆண்டுகள் அப்படியே எண்ணிக்கொண்டிருந்தேன்.

மதாம் சென்ற ஆண்டு காலமானார். இவ்வாண்டு விருந்துக்கு முசியே மிகவும் தளர்ந்த நிலையில், கைத்தடியுடன் வந்திருந்தார். இப்போது விருந்தை நடத்தும் இளம் நிர்வாகிகள் வண்ண விளக்கும் பெயர்ப்பலகையும் ஏற்பாடு செய்திருந்தார்கள், நன்றாகவே இருந்தது. நான் முசியேவின் அருகில் உட்கார்ந்து, இத்தனை காலம் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். அன்று பூ வாங்கியவன் நான், மதாம் அல்லர் என்று.

அவர் சிரித்தார். "தெரியும் பாய். முப்பது வருசம் அந்த ஊர்ல இருந்தவங்க அந்தப் பூவ சாப்பாட்டுக்கு வாங்குவாங்களா? ஒங்க சட்ட முழுக்க இதழு ஒட்டிக்கிட்டிருந்துச்சி. நான் அந்த வூட்டக் குடுக்க வேணான்ற முடிவோடதான் அன்னிக்கு வந்தேன். பந்தல்காரரு பொழப்பு கெடக் கூடாதுன்னு, கெடைக்கும்னு நம்பியிருந்த வூட்டையே வுட்டுட்டுப் பொய் சொல்றாங்க ஒரு அம்மா. அவங்ககிட்டக் குடுக்காம வேற யாருகிட்டக் குடுக்கறது?"

நான் எழுந்து வீட்டு வாசற்படியில் போய் நின்றேன். இது மதாமுக்குத் தெரியாமலே போய்விட்டது. உள்ளே முதிய பெண்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருவர் நகர்ந்து இடம்விட்டு, "நின்னுக்கிட்டே இருக்கியே, வந்து உக்காருப்பா" என்று என்னைக் கூப்பிட்டார்.