புகார் ஜன்னலில் ஒரு பேனா

எண்பதுகளில், வண்டியூரில் எங்கள் வீட்டு டெலிபோன் மூன்று மாதம் செத்துக் கிடந்தது. அந்த மூன்று மாதத்துக்கு வந்த பில்லில் பம்பாய்க்குப் பதினோரு டிரங்க் கால் போட்டிருந்தது. பம்பாயில் எங்களுக்கு யாரையும் தெரியாது. மிஞ்சிப் போனால் மேலூர்.

சண்டை போடுவதென்றே டெலிபோன் ஆபீசுக்குப் போனேன். புகார் ஜன்னலில் இருந்தவர் ஒல்லியான மனிதர். நெற்றி நிறைய விபூதி, சட்டைப்பையில் ஒரு பச்சைப் பேனா. அதை எடுத்து மூடியைத் திறப்பார், எதுவும் எழுதாமல் மூடிவிடுவார். நான் கத்திய அரைமணி நேரமும் இதைத்தான் செய்தார்.

"மொதல்ல கட்டிருங்கண்ணே. பெறகு புகார் எழுதிக் குடுங்க."

"பேசாத போனுக்கு எதுக்குய்யா கட்டணும்? ஒங்களுக்கு இப்படி வந்தா கட்டுவீங்களா?"

அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்தார். ஏழு பில்கள். ஏழும் அவர் பெயருக்கு வந்தவை, ஏழுக்கும் கட்டிய ரசீது இருந்தது.

"எங்க வீட்டுல போனே இல்லண்ணே. கேட்டு எழுதிப் போட்டு ஆறு வருசமாச்சு. பில்லு மட்டும் வருது."

"அப்புறம் ஏன் கட்டுறீங்க?"

"கட்டலேன்னா கனெக்சன கட் பண்ணிருவாகல்ல. மறுபடி மொதல்லருந்து எழுதிப் போடணும்."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. "வாங்க, நானும் இந்தத் தடவைக்குக் கட்டணும்" என்று எழுந்து வந்தார். வரிசையில் நின்றபடியே என் சலானையும் அவரே நிரப்பிக் கொடுத்தார்.

அந்தப் பேனா எழுதும் என்பது அப்போதுதான் தெரிந்தது.