மஞ்சள் துணியில் முடிந்த காசு

அப்பா கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அக்காவுக்கும் எனக்கும் அவர் விட்டுப்போனது ஒரு பிஸ்கட் தகரப் பேணி. அதற்குள் போன துறைமுகங்களில் எல்லாம் சேர்த்த வெளிநாட்டுக் காசும் தாளும். எங்கள் ஊர் கிரானில் அக்காவின் வீட்டுக் கூரை மாரி மழைக்கு ஒழுகும். பேணியில் உள்ளதை விற்றுக் கூரைத் தகடு போடலாம் என்று அவ நினைத்திருந்தா.

பாயில் கொட்டி நாடு நாடாகப் பிரித்தோம். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போனைக் காட்டினால் அது எழுத்தைப் படித்து நாட்டின் பெயரைச் சொன்னது. வேலை கிடைத்த இடத்தில் தின்று, கிடைக்காத இடத்தில் பட்டினி கிடந்து, ஊர் ஊராகத் திரிந்த எனக்கு உலகம் கொஞ்சம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பாயில் கிடந்த நாடுகளில் பாதியின் பெயரை அன்றுதான் கேட்டேன். ஒரு தாளில் எண்ணித் தீராத சைபர்கள். ஒரு காசில் ராணியின் மூக்கு தேய்ந்திருந்தது. எத்தனை பேரின் பெருவிரல் பட்டால் ஒரு மூக்குத் தேயும்? அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

பேணியின் அடியில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு காசு.

"அதை அவிழ்க்காதடா. நேர்த்திக் காசு" என்றா அக்கா.

மற்றக் காசுகளையெல்லாம் சடங்குக்குக் குத்துவிளக்கு விளக்குவது மாதிரி, புளியும் சாம்பலும் போட்டு நான் மினுக்கினேன்.

டவுனில் பழங்காசு வாங்கும் கடைக்கு அக்காவும் நானும் பேணியோடு போனோம். கடைக்காரர் பூதக்கண்ணாடியை எடுக்கவேயில்லை.

"ஆர் தம்பி இதை விளக்கினது?"

"நான்தான். புளி போட்டு."

"வடிவா இருக்கு. மாலை கட்டிப் போடுங்க. வாங்கிற ஆள் பழைய ஊத்தையோடதான் கேட்பான். விளக்கினா விலை போயிடும்."

"ஊரெல்லாம் சுத்தி இதையாடா படிச்ச நீ?" என்றா அக்கா.

அப்பா சேர்த்தது, கூரைக்காக விற்கிறோம் என்று அக்கா சொன்னா. எல்லாம் சேர்த்து நாலு தகட்டுக்குத்தான் காணும் என்றார் கடைக்காரர். வீட்டுக்கு இருபது வேண்டும். அக்கா பேணியின் அடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துத் தானே அவிழ்த்தா.

"விலையை மட்டும் சொல்லுங்க."

கறுத்துப்போன பெரிய வெள்ளிக் காசு. கடைக்காரர் பகிடிப் பேச்சை விட்டார். கண்ணாடி வைத்துப் பார்த்தார், தராசில் நிறுத்தார், மறுபடி பார்த்தார்.

"இது ஒண்டு போதும், முழுக் கூரையும் போடலாம். உங்கட அப்பா தெரிஞ்சுதான் இதைத் தனியா வைச்சிருக்கார்."

"எதுக்கு நேர்ந்தவர்?" என்று அக்காவைக் கேட்டேன்.

"நீ சொல்லாமக் கொள்ளாமப் போனாயே, அப்ப. நீ திரும்பி வந்தா உன்ர கையால கண்ணகை அம்மனுக்குப் போடோணும் எண்டு."

"நான் எத்தனை தரம் வந்திட்டன்?"

"வந்தாய். கோயில் வருசத்துக்கு ஒருக்கா வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும். ஒரு வைகாசிக்காவது இஞ்ச நிண்டியா?"

நிற்கவில்லை. அப்பா என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உலகமெல்லாம் பொறுக்கிய காசுகளில் ஆகப் பெறுமதியானதைத் தெரிந்தெடுத்து, எனக்கென்று முடிந்து வைத்திருக்கிறார். கையில் வாங்கிப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது, நினைத்ததைவிடப் பாரம்.

"வித்திடு அக்கா" என்றேன்.

"உன்ர தலைக்கு நேர்ந்ததையா? வித்துப்போட்டு அந்தக் கூரைக்குக் கீழ நான் படுக்கிறதா? நாலு தகட்டை வாங்கு. அடுப்படிக்குக் காணும்."

அடுப்படிக்கு நாலு தகட்டையும் நானே அடித்தேன். மற்றப் பக்கம் கூடாரம் அடிக்கிற ரென்ற் துணி. மாரிக்கு அது ஒழுகிய இடத்தில் வெறும் பேணியை வைத்தோம்.

பங்குனியில் திருகோணமலைக்கு மீன்பிடி வள்ள வேலைக்குக் கூப்பிட்டார்கள். வைகாசி கழிய வாறன் என்று சொல்லிவிட்டேன்.