இருக்கை ஒழுங்கும் பருப்பு வாளியும்

அழைப்பிதழில் ‘இரவு விருந்து’ என்று அச்சிட்டிருந்தோம். நேரம் மாலை நான்கு மணி. ஹட்டனில் விருந்தின் நேரத்தை விருந்தாளியும் தீர்மானிப்பதில்லை, சமையல்காரரும் தீர்மானிப்பதில்லை. தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கடைசி பஸ்தான் தீர்மானிக்கிறது. கொழும்பிலிருந்து வரவிருந்த ஒருவர் தொலைபேசியில், “நாலு மணிக்கு யாருங்க டின்னர் சாப்பிடுவாங்க?” என்று கேட்டார். “பஸ் பிடிக்க வேண்டியவங்க,” என்றேன். தானும் அந்த பஸ்ஸில் போய் வந்து படித்தவர் என்பது அப்போது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். “சரி, வர்றேன்,” என்றார்.

நான் அரசாங்கத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றவனுக்கு எங்கள் ஊரில் கொடுக்கப்படும் தண்டனை சங்கச் செயலாளர் பதவி. எங்கள் பாடசாலையில் உயர்தரத்தில் வணிகம் படித்து, இப்போது பல்கலைக்கழகங்களில் முகாமைத்துவம் படிக்கும் பிள்ளைகளை, நல்ல பதவிகளில் இருக்கும் பழைய மாணவர்களோடு ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசவைக்க வேண்டும் என்று பழைய மாணவர் சங்கம் தீர்மானித்தது. தீர்மானித்ததோடு சங்கத்தின் வேலை முடிந்தது. என் வேலை தொடங்கியது.

முறைப்படி ஓர் இருக்கை ஒழுங்கு தயாரித்தேன். ஒரு பழைய மாணவருக்குப் பக்கத்தில் மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு கதிரைக்கும் பெயர் அட்டை. உணவை ஒரு பக்கத்து மேசையில் வைத்துவிட்டால் அவரவர் எழுந்துபோய்ப் போட்டுக்கொள்வார்கள், போகும்போதும் வரும்போதும் நாலு வார்த்தை பேசுவார்கள் என்பது திட்டம். வேலைக்கு ஆகுமென்றே நம்பினேன். நிகழ்ச்சி அறிக்கையைக்கூட முதல் நாளே எழுதி வைத்துவிட்டேன். உத்தியோக காலத்துப் பழக்கம். நடந்த பிறகு எழுதினால் குழப்பம் வரும்.

அந்த வாரம் ஒரு மாணவி என்னை அழைத்திருந்தாள். வட்டவளைப் பக்கத்துத் தோட்டம், இறுதி ஆண்டு.

“சேர், அந்த ஷிப்பிங் கம்பெனி மேடம் வர்றாங்களா?”

“வர்றாங்க. ஏம்மா?”

“எனக்கு இன்னும் டிரெயினிங் இடம் கிடைக்கல சேர். கேட்ட எடமெல்லாம் இல்லன்னுட்டாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள எடம் காட்டலன்னா, அடுத்த பெச்சோடதான் முடிக்கலாம்னு கெம்பஸ்ல சொல்லிட்டாங்க.”

அடுத்த அணி என்றால் ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டும். தோட்டத்தில் படித்த பெண் ஒருத்தி ஒரு வருடம் வீட்டில் இருந்தால், லயத்து வரிசை வீடுகளில் உள்ளவர்கள் எல்லோரும் அக்கறையோடு காரணம் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி அவள் அம்மாவுக்கு வாய் வலிக்கும். எனவே அவள் பெயர் அட்டையை அந்தக் கப்பல் நிறுவன அம்மையாரின் வலப்பக்கத்தில் வைத்தேன். அவர் கொழும்பில் அந்த நிறுவனத்தின் ஆட்சேர்ப்புக்குப் பொறுப்பானவர். எங்கள் பாடசாலையில் படித்தவர்தான்.

அன்று மழை. மண்டபத்துத் தகரக் கூரைக்குக் கீழே ஒலிபெருக்கி இல்லாமல் எதுவும் கேட்காது. தோட்டத்துக் காலைப் பெரட்டில் கங்காணி ஆட்களின் பெயரைக் கூப்பிடுவதுபோல ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் உட்காரவில்லை. நான் தலையைத் திருப்பி ஒலிபெருக்கியை அணைப்பதற்குள், பக்கத்து மேசையில் இருந்த பாத்திரங்கள் எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விட்டன. ஒருவன் சோறு, ஒருத்தி போஞ்சிப் பிரட்டல், ஒருவன் கோழிக் கறி. வட்டவளைப் பெண்ணின் கையில் பருப்பு வாளி.

எங்கள் பக்கத்துக் கலியாணமானாலும் கோயில் திருவிழாவானாலும் இதுதான் வழக்கம்: வந்தவர்கள் முதல் பந்தி, வீட்டு இளசுகள் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடும். இதை என் இருக்கை ஒழுங்கு கணக்கில் எடுக்கவில்லை. நேரே அவளிடம் போனேன்.

“ஒன் கதிரை அங்க இருக்கு. வாளியத் தூக்கிக்கிட்டு நிக்கிறியே?”

“அவங்க சாப்பிடாம நான் எப்படி சேர் உக்கார்றது?”

“உக்காரத்தானே ஒன்ன வரச் சொன்னது.”

“வந்தவங்கள விட்டுட்டு நான் சாப்பிட்டேன்னு தெரிஞ்சா அம்மா கொன்னுருவாங்க சேர்.”

கோழிக் கறிக்காரன் குறுக்கே வந்தான். “சேர், நீங்களும் உக்காருங்க. ஒங்களுக்குக் கால் பீஸ் எடுத்து வச்சிருக்கேன்.”

திட்டத்துக்கு முற்றிலும் விரோதமான செயல். ஆனாலும் கால் துண்டு. உட்கார்ந்தேன்.

முதல் பந்தியில் பழைய மாணவர்கள் பழைய மாணவர்களோடு பேசினார்கள்: யார் கனடா போனார், யாருக்கு மூட்டு வலி. பிள்ளைகளின் பெயர் அட்டைகளுக்கு முன்னால் வெற்றுக் கதிரைகள். வட்டவளைப் பெண் அம்மையாரிடம் மூன்று முறை போனாள். மூன்று முறையும் “இன்னும் கொஞ்சம் போடவா மேடம்?” என்றாள். மூன்றாம் முறை அவர் தட்டின்மேல் கையை வைத்து, “பருப்புலயே முக்கிருவ போல இருக்கே, போதும்மா,” என்றார். அவள் சிரித்துவிட்டுத் திரும்பினாள். வெளியே, கொழும்பு விருந்தாளிகள் வந்த வேனின் சாரதி, நேரமாகிவிட்டது என்று விளக்கைப் போட்டு அணைத்தார். என் நிகழ்ச்சி நிரலில் மிச்சம் இருந்தது நன்றியுரை மட்டும்.

கை கழுவிவிட்டு வந்த அம்மையார், பிள்ளைகள் தட்டுகளோடு பின்னறைக்கு நழுவுவதைப் பார்த்தார்.

“எங்க போறீங்க?”

“நாங்க பின்னால நின்னுக்கிட்டே சாப்பிட்டுக்குறோம் மேடம்.”

“உக்காருங்க எல்லாரும்.” சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பருப்பு வாளியை வாங்கினார். பிறகு, டை கட்டிய ஆண்களைப் பார்த்தார். “நீங்க என்ன, சம்பந்தி வீட்டு ஆளுங்களா? கரண்டிய எடுங்க.”

முதல் பந்தியில் சாப்பிட்டவன் இரண்டாம் பந்திக்குக் கை கொடுக்காமல் போவது எங்களிடம் பெரிய மரியாதைக் குறைவு. கொழும்பில் எத்தனை வருடம் இருந்தாலும் அந்தப் பயம் விடுவதில்லை. எல்லோரும் எழுந்தார்கள். சாரதி விளக்கைப் போடுவதை விட்டுவிட்டு உள்ளே வந்து தண்ணீர் ஊற்றினார்.

பேச்சு அதன் பிறகுதான் தொடங்கியது. சோறு போடுகிறவர் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. சோற்றை விட்டு எழுந்து ஓடவும் முடியாது. வங்கி முகாமையாளர் கோழிக் கறியோடு நின்று, “சேர்ந்து மொத ஆறு மாசம் ஒண்ணும் வெளங்காது. வெளங்குன மாதிரி தலையாட்டாத, கேளு,” என்றார். ராகலையில் மரக்கறி லொறிகள் ஓட்டுவிக்கும் ஒருவர் அப்பளம் வைத்துக்கொண்டே போனார். “வாடிக்கையாளர் போன் பண்ணா ஒடனே எடுக்கணும் தம்பி. எடுக்கலன்னா கரட் அழுகிரும். நான் படிச்ச முகாமைத்துவம் அவ்வளவுதான்.”

“ஒங்க போன் மூணு நாளா எடுக்கவே இல்லயே அண்ணே,” என்றான் அப்பளம் வாங்கியவன்.

“நீ கரட் வாங்கவா எடுத்த?”

வட்டவளைப் பெண் மட்டும் தலை நிமிராமல் பிசைந்துகொண்டிருந்தாள். அம்மையார் வந்தார், பருப்பு ஊற்றினார், போனார். மறுபடி வந்தார், ஊற்றினார். நான் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்தேன். ஆனாலும் இதைப் பார்க்க இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் முறை அவர் அவளைக் கடந்து ஓர் அடி வைத்த பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது. மழைக்கு மேலே கேட்கும்படி வந்தது.

“அக்கா, ஒங்க கம்பெனில டிரெயினிங்குக்கு எடம் இருக்கா? இந்த மாசத்துக்குள்ள கிடைக்கலன்னா எனக்கு ஒரு வருசம் போயிரும்.”

மண்டபம் மெல்லுவதை நிறுத்தியது. அவர் திரும்பினார்.

“மூணு தடவ பருப்பு போட வந்தியே, அப்ப ஏன் கேக்கல?”

“நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க.”

“இப்ப நீ சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்க?”

கோழிக் கறிக்காரன் முதலில் சிரித்தான். பிறகு அவளும் சிரித்தாள்.

“ஒரு எடம் இருக்கு,” என்றார் அவர். “ஆனா நான் மட்டும் முடிவு பண்ண முடியாது, இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. கேள்வி கேப்பாங்க. திங்கக்கெழம வர ஏலுமா?”

“நைட் மெயில்ல வந்துருவேன் அக்கா.”

“வா. அங்க வந்து வாளி தேடாத. கதிரையில உக்காந்து பேசு.”

இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. நன்றியுரையை யாரும் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. கடைசி பஸ் ஹோர்ன் அடித்தபோது பிள்ளைகள் கை ஈரத்தோடு ஓடினார்கள்.

திங்கட்கிழமை பகல் அவள் அழைத்தாள்.

“சேர், பேசிக்கிட்டு இருக்கறப்ப டீ கொண்டாந்தாங்க. எந்திரிச்சுத் தட்ட வாங்கப் போனேன். அக்கா ஒரு பார்வ பாத்தாங்க. அப்படியே உக்காந்துட்டேன்.”

“அப்புறம்?”

“கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். ஒண்ணு தெரியல, தெரியலன்னேன். அடுத்த மாசம் மொதலாந் திகதி வரச் சொல்லிட்டாங்க. கெம்பஸுக்குக் கடிதமும் குடுத்துட்டாங்க சேர்.”

வாழ்த்திவிட்டு, முன்கூட்டியே எழுதி வைத்திருந்த அறிக்கையை எடுத்தேன். ‘இருக்கை ஒழுங்கு பின்பற்றப்பட்டது’ என்று அதில் ஒரு வரி. அடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன். ஹட்டனில் இல்லாவிட்டாலும் கொழும்பில் பின்பற்றப்பட்டிருக்கிறதே.