துடுப்பு நின்ற பெஞ்சு

போன வாரம் ராயபுரத்தில் ஒரு பழைய மரச்சாமான் கடைக்கு நாற்காலி பார்க்கப் போனேன். வாங்கவில்லை, விலை கேட்டதோடு சரி. திரும்பும்போது மூலையில் ஒரு நீள பெஞ்சு கண்ணில் பட்டது. புதிதாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். அதன் முன்சட்டத்தில் ஒரு முழத்துக்கு ஒன்றாக அரைவட்டப் பள்ளங்கள். ஒன்றில் விரலை வைத்துப் பார்த்தேன். இருபத்து மூன்று வயதில் இதே பள்ளங்களை டேப் வைத்து அளந்தவள் நான்.

வார்னிஷ் நெடிக்கு அடியில் மெழுகுவர்த்தி வாசனை வந்தது போலிருந்தது. அதெல்லாம் மனப்பிரமை என்பீர்கள். இருக்கட்டும்.

எர்ணாவூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில், ஒரு கம்பெனி வளைத்துப் போட்ட நிலத்துக்குள், இந்தப் பெஞ்சு கிடந்த பழைய கிறிஸ்தவக் கோயில் இருந்தது. பட்டாளத்துக் கோயில் என்பார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பூசைக்கு வரும்போதும் துப்பாக்கியை விட்டுவிட்டு வரமாட்டார்களாம், அவ்வளவு பயம். சாத்தி வைப்பதற்குத்தான் பெஞ்சில் பள்ளம். பட்டாளம் போனபின் சும்மா கிடந்த கட்டடத்தைப் பக்கத்து மீனவ ஊரான நெட்டுக்குப்பத்து ஜனங்கள் கூட்டிப் பெருக்கி, ஒரு மாதா சுரூபத்தை வைத்துவிட்டார்கள். பூசை வைக்கச் சாமியார் மாதத்துக்கு ஒரு தரம் வருவார். மற்ற ஞாயிறுகளில் அவர்களே ஜெபமாலை சொல்லிக்கொள்வார்கள்.

துப்பாக்கி நின்ற பள்ளத்தில் அவர்கள் துடுப்பை நிறுத்தினார்கள். சனிக்கிழமை மத்தியானம் அவரவர் வீட்டுத் துடுப்பு அங்கே போய்விட வேண்டும். கோயில் சாவி வைத்திருந்த செலினா அக்கா எண்ணிப் பார்த்துக் கதவைப் பூட்டுவார், ஞாயிறு ஜெபம் முடிந்த பிறகுதான் தருவார். என்ஜின் வந்த பிறகும் துடுப்பில்லாமல் யாரும் படகு இறக்குவதில்லை, முகத்துவாரத்தில் என்ஜின் நின்றுவிட்டால் கதி அதுதானே. ஆக ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் கடலுக்குப் போக முடியாது. ஓய்வுநாளைச் சாவி போட்டுக் காத்த ஊர் வேறெங்காவது உண்டா தெரியவில்லை.

நான் அந்தக் கம்பெனியில் சர்வே உதவியாளர். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய பெருமையில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட அதோடு போன பேர்வழி. நிலத்திலுள்ள கட்டடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். படிவத்தில் 'தற்போதைய பயன்பாடு' என்று ஒரு கட்டம். வழிபாட்டுத் தலம் என்று எழுதினால் விசாரணை, நோட்டீஸ் என்று வேலை நிற்கும். கிடங்கு என்றால் மறுவாரமே இடித்துவிட்டு கன்டெய்னர் அடுக்கலாம்.

நானும் என்ஜினியரும் போனது சனிக்கிழமை மாலை. செலினா அக்கா கதவைத் திறந்துவிட்டு என் பக்கத்திலேயே நின்றார். உள்ளே ஒரு ஆள் இல்லை. வரிசை வரிசையாகத் துடுப்புகள்.

"இன்னாம்மா எழுதிகினு கீறே?" என்றார், எழுதப் படிக்கத் தெரியாத அக்கா. சொன்னேன். "நீயும் மாதா கோயிலுக்குப் போற ராயபுரத்துப் பொண்ணு. ஒனக்குத் தெரியாததா? கோயில்னு எழுதிடு, போதும்."

வெளியே ஜீப்பில் என்ஜினியர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது, எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். பேனாவை அந்தக் கட்டத்தின் மேலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"உள்ள ஜனம் இருக்கா? துடுப்பு இருக்கு. கண்ணால பார்த்ததை எழுதும்மா," என்றார் என்ஜினியர், அக்காவுக்குக் கேட்காமல் என் காதோடு.

'மீன்பிடிச் சாமான் கிடங்கு' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது. படிவத்தை மடித்துக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து இடித்தார்கள். ஆண்களெல்லாம் கடலில். மாதாவையும் பெஞ்சுகளையும் வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். இடித்த பரப்பை அளக்க என்னையே அனுப்பினார்கள். செங்கல் குவியலுக்கு முன்னால் செலினா அக்கா நின்றிருந்தார். நான் எழுதியது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் அழவில்லை.

"சாவி என் கையில கீது பாரு," என்று காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோயிலைப் போயி கிடங்குன்னு எவனோ எழுதிக் குடுத்துக்கீறான். எவன்னு நீதான் கேட்டு சொல்லணும். எங்களுக்கு அங்க வேற யாரைத் தெரியும்?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த வாரமே வேலை நிரந்தரமானது. அதன்பிறகு நெட்டுக்குப்பம் பக்கம் நான் போகவில்லை. செலினா அக்கா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்று போன மாதம்தான் கேள்விப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, வேறென்ன சொல்ல.

கடைக்காரர் என் விரலைப் பார்த்துவிட்டார். "அந்தப் பள்ளம் இன்னாத்துக்கு மேடம்? வரவன் எல்லாம் கேக்கறான்."

"பட்டாளத்துக்காரங்க துப்பாக்கி வைக்க," என்றேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். உடனே ஓர் அட்டையில் அதை எழுதிப் பெஞ்சின் மேல் ஒட்டினார். துடுப்பையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கலாம். இந்தத் தடவை ஹாரன் அடிக்க யாரும் இல்லை, மேஜையில் கடிதமும் இல்லை. ஆனாலும் சொல்லாமல் படியிறங்கி வந்துவிட்டேன்.

நெட்டுக்குப்பத்தில் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் படகு இறங்குகிறதாம்.